அண்ணன் பெயரில் என் ரத்தம்

என் அண்ணனின் பெயர் போட்ட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்று எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. பெயர் அவனுடையது, வயது அவனுடையது, எடை அவனுடையது. ரத்தம் மட்டும் என்னுடையது. இதை நாலு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. நான் ஒன்றும் வாயில்லாப் பூச்சி கிடையாது. தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் முதல் சண்டை என் குரலில்தான் கேட்கும். அப்பேர்ப்பட்டவன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நாலு வருஷம் கம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

திருவொற்றியூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. நாள் முழுக்க ஊரார் காகிதம்தான் என் கையில். டாக்டர் ரிப்போர்ட்டை நகல் எடுக்க வருகிறவர்களிடம், படித்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சுகரு முன்னூறு கீது, நீ இன்னும் ஜிலேபி துன்னுகினு கீறியா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எந்த எண் எந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்று அப்படியே ஒரு அரைகுறை வைத்தியம் கற்றுக்கொண்டேன். அரைகுறைதான், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கண்டெய்னர் லாரி ஓட்டினான். துறைமுக கேட்டுக்கு வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி வரிசை கட்டி நின்றால் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆகும். பத்தடிக்கு ஒரு தடவை நகர்த்த வேண்டும், இறங்கிப் போனால் இடம் போய்விடும். அதனால் சாப்பாடு வண்டிக்கே வரும். பரோட்டா, அத்தோ நூடுல்ஸ், மசாலா முட்டை, மறுபடி டீ. கல்யாணத்தில் எழுபது கிலோவாக இருந்தவன் நாற்பத்தைந்து வயதில் நூற்றுப் பதினெட்டு. நான் அன்றும் ஐம்பத்தாறு, இன்றும் ஐம்பத்தாறு. "அம்மா எனுக்கு வச்ச சோத்தையும் நீயே துன்ட்ட" என்பேன். "நீதான் பேசியே வயித்த ரொப்பிக்கிறியே, உனுக்கு எதுக்குடா சோறு?" என்பான். ஞாயிற்றுக்கிழமை என் பைக்கில் பின்னால் ஏறிக் காசிமேட்டுக்கு மீன் வாங்க வருவான். அவன் ஏறியதும் பின்சக்கரம் ஒரு தடவை அமுங்கும். அதற்குப் பிறகுதான் நான் கிளட்சை விடுவேன்.

அவன் வேலை பார்த்த யார்டில் வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுநர்களுக்கு மெடிக்கல் உண்டு. நான் ரத்தம் கொடுத்ததற்கு முந்தின வருஷம் ஒருத்தருக்குச் சர்க்கரை ஏகத்துக்கு இருந்ததென்று ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, யார்டில் கண்டெய்னரைக் கட்டச் சங்கிலி எடுத்துக் கொடுக்கும் வேலையில் போட்டுவிட்டார்கள். இருபது வருஷம் வண்டி ஓட்டிய மனுஷன், தன்னிடம் கிளீனராக இருந்தவனுக்குச் சங்கிலி எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்ததிலிருந்து அண்ணனுக்கு மெடிக்கல் என்றாலே பயம். அடுத்த வருஷம் பார்த்து, எடை அதிகமானவர்களுக்கு ரத்தத்தில் ஒரு புரதத்தையும் பார்ப்போம், அது இதயத்தைப் பற்றிச் சொல்லும் என்று அறிவித்தார்கள்.

யார்டில் இதற்கெல்லாம் பழைய வழி ஒன்று இருந்தது. எடையும் ரத்த அழுத்தமும் ஒரு மேஜையில் பார்ப்பார்கள், அதில் ஒன்றும் செய்ய முடியாது. ரத்தம் எடுப்பது வேறு மேஜை. கையில் இருக்கும் டோக்கன் சீட்டைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். முந்தின நாள் குடித்தவன் குடிக்காத மச்சானை வரிசையில் நிறுத்துவான், சர்க்கரை இருப்பவன் தம்பியை நிறுத்துவான். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. கேண்டீனில் அடுத்தவனுக்கு இடம் பிடித்து வைப்பது மாதிரி ஒரு உதவி.

அண்ணன் கடைக்கு வந்து, "நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட யார்டுக்கு வா நைனா" என்றான். எனக்கு உடனே புரிந்தது. யோசித்தேனா என்று கேட்டால், இல்லை. சிரித்தேன். ஒல்லியானவன் ரத்தம் சுத்தமாகத்தான் இருக்கும் என்று எனக்கும் ஒரு கர்வம் இருந்தது.

ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். காலையிலிருந்து குத்திக் குத்திக் களைத்துப் போயிருந்தாள். சீட்டைப் பார்த்தாள், முருங்கைக்காய் மாதிரி இருந்த என் கையைப் பார்த்தாள். "வெயிட்டு நூத்திப்பதினெட்டுன்னு போட்ருக்கே?" என்றாள். பின்னால் நின்றவன், "எல்லாம் எலும்பு வெயிட்டும்மா" என்றான். வரிசையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். ஊசியைக் குத்தி, குழாயை நிரப்பி, அண்ணன் பெயரை ஒட்டினாள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. அந்தப் புரதம் ஒன்றுக்குக் கீழே இருந்தால் நல்லது, மூன்றைத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து அதிகம் என்று கீழேயே அச்சடித்திருந்தது. அண்ணன் பெயருக்கு நேரே புள்ளி ஆறு. அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு, "லேமினேஷன் போட்றா" என்றான்.

"எதுக்குண்ணா?"

"உங்கண்ணிக்கு காட்டத்தான். டெய்லி நட நடன்னு பேஜாரு பண்றா. இத்தப் பாத்தாவது உடுவா."

போட்டுக் கொடுத்தேன். என் கையால், என் மெஷினில், ஓரம் கூடக் கோணாமல். அண்ணி அதைப் படித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாளாம். அதோடு காலை நடை நின்றது. சாப்பாட்டில் எண்ணெயைக் குறைத்து வைத்திருந்தவள் பழையபடி ஊற்ற ஆரம்பித்தாள்.

இதில் வினோதம் என்னவென்றால், போகப் போக அண்ணனே அதை நம்பிவிட்டான். டீக்கடையில் நின்று, "நமக்கு ஹார்ட்டு ஸ்டீலு மாதிரி கீதுப்பா, ரிப்போர்ட்டு கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் நான் தனியாக இழுத்துக்கொண்டுபோய், "ண்ணா, அது என் ரத்தம், ஞாபகம் கீதா?" என்றேன். அவன் கொஞ்சம்கூட அசரவில்லை. "ஒரே வயித்துல பொறந்தோம். உனுக்கு ஒரு ரத்தம் எனுக்கு ஒரு ரத்தமா? அரை பாயிண்டு முன்ன பின்ன இருக்கும், அவ்ளோதான்" என்றான். நான் அவனைத் திட்டியிருக்க வேண்டும். எனக்கும் அது ஓரளவு சரியாகப்பட்டது. அண்ணன் தம்பி ரத்தம் அப்படி என்ன வேறாகிவிடப் போகிறது என்று கடைக்குத் திரும்பிவிட்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி போன் செய்தாள். சாப்பிட்டு எழுந்தவனுக்கு நெஞ்சை அடைக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றாள். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போனோம். அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். இசிஜி எடுத்தார், ரத்தம் எடுத்தார். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. இரண்டிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு அதற்குள் வலி குறைந்திருந்தது.

ஆனால் அந்த டாக்டர் விடவில்லை. "இதயத்துத் தசைக்கு அடிபட்டா அதுலருந்து ஒரு புரதம் ரத்தத்துல கசியும். கசிஞ்சு வெளிய தெரிய நேரமாகும். இப்ப இல்லைன்னா இல்லைன்னு அர்த்தமில்லை. மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும். அதுவரைக்கும் இவர் இங்கதான் இருக்கணும்" என்றார். நிதானமாக, எல்லோருக்கும் புரிகிற மாதிரிதான் சொன்னார். யார்டில் பார்த்த புரதம் வேறு, இது வேறு.

"வெறும் கேஸ் டிரபுளு மேடம். சாய்ங்காலம் வண்டி எடுக்கணும், லோடு கீது" என்றான் அண்ணன்.

அப்போது அண்ணி தன் கைப்பையிலிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்தாள். ஆட்டோ வருவதற்குள் ஞாபகமாக எடுத்து வைத்திருக்கிறாள். "மேடம், ஹார்ட்டுக்குப் பாத்தது. நாலு மாசம்தான் ஆவுது" என்று நீட்டினாள். டாக்டர் வாங்கிப் பார்த்தார். பிறகு அண்ணனின் வயிற்றைப் பார்த்தார். "இந்த உடம்புக்கு இந்த நம்பர்னா ஆச்சரியமாத்தான் இருக்கு" என்றார். "இது நல்லா இருந்தாலும் இன்னைக்கு வந்த வலி வலிதான். கூட்டிட்டுப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்று ஒரு பார்வை. அதோடு ஒரு கெஞ்சலும் இருந்தது. சங்கிலி எடுத்துக் கொடுத்த அந்த மனுஷன்தான் அவன் கண்ணில் நின்றிருப்பார், எனக்குத் தெரியும். அண்ணியும் என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ டெய்லி இந்த மாதிரி எவ்ளோ பேப்பரு பாக்கற. நீ சொல்லு, நான் கேக்கறேன். இட்டுனு போலாமா, இல்ல இருக்கலாமா?"

"போலாம் அண்ணி" என்றேன்.

பேசாமல் இருந்தேன் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கேட்டாள், பதில் சொன்னேன். இரண்டே வார்த்தை. நாள் முழுக்க ஆயிரம் பேச்சுப் பேசுகிற வாய் அன்று அந்த இரண்டு வார்த்தையைத்தான் பேசியது.

எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டோம். அதற்குமுன் வயிற்று எரிச்சலுக்கு ஒரு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்து டீ குடித்தான். வண்டிக்குப் போக இன்னும் நேரமிருக்கிறது, கொஞ்சம் சாய்கிறேன் என்று படுத்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணி எழுப்பப் போனாள். எழுந்திருக்கவில்லை.

மாரடைப்பு என்றுதான் சான்றிதழில் எழுதினார்கள். அண்ணி ஒப்புக்கொள்ளவே இல்லை. "செத்தவங்க எல்லாருக்கும் அத்தான் எழுதறானுங்க. நல்ல ரத்தம் ஓடின மனுசன். அந்த ஊசிதான் கொன்னுச்சு" என்றாள். பதினாறாம் நாள் முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கே போனாள். அந்தப் பெண் டாக்டரை நிற்க வைத்து, மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள். டாக்டர் எதிர்த்துப் பேசவில்லை. "நான் இருக்கத்தானேம்மா சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். நான் அண்ணிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் ஒருமுறை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் மேலிருந்து இறங்கவில்லை.

ரிப்போர்ட் அண்ணன் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. அமாவாசைக்கு அமாவாசை படையல் போடுவாள், நான் போவேன். மாலை போட்ட முகம் மேலே, என் ரத்தம் கீழே, நடுவில் ஊதுவத்தி. கும்பிடும்போது யாரைக் கும்பிடுகிறேன் என்று எனக்கே குழம்பும். செத்தவன் வீட்டில் என்னில் பாதியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி அதைக் காட்டுவாள். "கேளுங்க, இவருக்கும் தெரியும்" என்று என்னைக் கை காட்டுவாள். "ஆமாம்" என்பேன்.

கடையிலும் வாய் அடங்கிப்போயிற்று. யாராவது அந்தப் புரதத்தின் பெயர் போட்ட ரிப்போர்ட்டைக் கொடுத்தால் எண்ணைப் பார்க்காமலே கவிழ்த்து வைத்துத்தான் நகல் எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்மண்டபம் சிக்னலில் நிற்கும்போது பைக்கின் பின்பக்கம் அமுங்கும். ஒரு தடவை இல்லை, பல தடவை. திரும்பிப் பார்ப்பேன், யாரும் இருக்க மாட்டார்கள். மெக்கானிக்கிடம் காட்டினேன். ஷாக் அப்சார்பர் நன்றாகத்தான் இருக்கிறது, மூட்டை ஏதாவது ஏற்றுகிறாயா என்று கேட்டான். இல்லை என்றேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவன் ஏறி உட்காரட்டும் என்று கிளட்சை விடாமல் இருப்பேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.

அண்ணனுக்கு ஒரே பெண். இப்போது இருபத்து மூன்று வயது, வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அப்பனை உரித்து வைத்த உடம்பு. இரண்டு மாதத்துக்கு முன் மெட்ரோ படிக்கட்டில் ஏறும்போது மூச்சு முட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்யும் பெண்கள் பக்கத்திலிருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டுவிட்டு, சில பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். கொழுப்பு, சர்க்கரை, அந்தப் புரதம். அண்ணி சீட்டைக் கிழிக்காத குறைதான். "என் வூட்டு ஆம்பளைய ஊசிதான் கொண்டுபோச்சு. பொண்ணுக்கும் குத்த உடுவனா? அவங்கப்பன் ரத்தமே க்ளீனு. இவளுக்கு எங்கருந்து வரும்?" என்றாளாம்.

அந்தச் சீட்டோடு பெண் என் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேசினாள். "சித்தப்பா, வயித்துல கீற கொழுப்பு சும்மா மூட்டை மாதிரி குந்தினு இல்லியாம். உள்ளயே புகைஞ்சுகினு இருக்குமாம். அத்தப் பாத்துட்டு கல்லீரல் அந்தப் புரதத்த ஊத்துமாம். ரத்தக் குழாயெல்லாம் புண்ணாவுமாம். டாக்டரு சொன்னாரு. அம்மா கேக்க மாட்டுது. நீ சொன்னா கேக்கும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அப்பாவுக்குத்தான் எல்லாம் நல்லா இருந்துச்சே. அப்ப எனுக்கும் ஒண்ணும் இருக்காதுல்ல?" என்றாள்.

அவள் செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. அண்ணனுக்கும் கடைசி வருஷம் அப்படித்தான் இருந்தது. அடப்பாவி, ஒரு உயிர் போதாதா உனக்கு என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். அவளிடம் "நாளைக்கு வூட்டுக்கு வரேன்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் போனேன். பெண் வேலைக்குப் போயிருந்தாள். அண்ணி பின்பக்கம் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்தது ஒன்றும் வரவில்லை. "அண்ணி, அந்த ரிப்போர்ட்டு அண்ணனுது இல்ல. அன்னிக்கு வரிசைல நின்னு ரத்தம் குடுத்தது நான்" என்றேன்.

கை நிற்கவில்லை, செதில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மீன் முடிந்தது. அதைக் கழுவிச் சட்டியில் போட்டாள். "மறுபடி சொல்லு" என்றாள்.

மறுபடி சொன்னேன். டோக்கன், வரிசை, எலும்பு வெயிட்டு என்று சிரித்தது, எல்லாவற்றையும். முதல் தடவையைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

கத்துவாள், அரிவாள்மனையைத் தூக்குவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். தூக்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் உன்னத்தான கேட்டேன்?"

"ஆமாம் அண்ணி."

"உன்னத்தான் கேட்டேன்" என்றாள் மறுபடியும். பிறகு எழுந்து கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். "நாலு வருசமா அந்த டாக்டரம்மாவ நாக்குல நரம்பில்லாம சபிச்சுனு கீறேன். அதுக்கும் கொயந்த குட்டி இருக்கும்ல?" என்றாள். நான் அழுதேன். அவள் என்னை நிறுத்தச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நானாகத்தான் எழுந்து வந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலை ஆறரைக்குப் பெண் போன் செய்தாள். டெஸ்ட் எடுக்கப் போகிறோம், நீயும் வா என்றாள். அம்மா கூப்பிடச் சொன்னாளா என்று கேட்டேன். "அம்மாக்கு தெரியாது, நாந்தான் கூப்புடறேன்" என்றாள். போனேன். லேபில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி என்னைப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டாள். பெண்ணின் பெயரைக் கூப்பிட்டதும் மூன்று பேரும் எழுந்தோம். எங்கள் வீட்டில் எந்தக் காகிதமானாலும் நான்தான் பக்கத்தில் நின்று பார்ப்பது பழக்கம்.

வாசல் திரையருகே அண்ணி திரும்பினாள். "ரத்தம் எடுக்கற எடத்துல நீ வேணாம் தம்பி. வெளிய நில்லு" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிய பேச்சாகப்பட்டிருக்காது. திரை முழுதாக மூடவில்லை. ஊசி ஏறும்போது பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அண்ணி திருப்பவில்லை. குழாய் நிரம்புவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பெயர் ஒட்டியதும், "பேர கொஞ்சம் படிச்சுக் காட்டும்மா" என்றாள். ரத்தம் எடுத்தவள் படித்தாள். "வயசு?" என்றாள் அண்ணி. அதையும் படித்தாள்.

"இது இவ ரத்தம்தான். நான் கூடவே நின்னு பாத்தேன்" என்றாள் அண்ணி. ரத்தம் எடுத்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆமாம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.